சாக்கு போட்ட சுழல் நாற்காலி

எங்கள் கடைக்கு ஒரு நல்ல பொருள் வந்து இறங்கினால், அதை யார் தொடக் கூடாது என்பதுதான் முதலில் முடிவாகும். நாங்கள் தொடக் கூடாது. அது வர்றவுகளுக்கு. கண்ணாடி டம்ளர் வந்தால் வர்றவுகளுக்கு. பூப்போட்ட பீங்கான் தட்டு வந்தால் வர்றவுகளுக்கு. காலையில் கதவு திறப்பதிலிருந்து சாயங்காலம் பூட்டுகிறவரை அங்கேயே கிடக்கிற நாங்கள் எங்கிருந்தும் வராமல் சுவரோடு சேர்த்துக் கட்டப்பட்டவர்கள் போலிருக்கிறது.

கம்பத்தில் ஏலக்காய் வாங்கி, தரம் பிரித்து, வெளியூருக்கு அனுப்புகிற கடை அது. மலைக்கு மேலே தோட்டம் வைத்திருக்கிறவர்கள் கம்பம்மெட்டு வழியாக மூட்டையை இறக்கிக் கொண்டுவருவார்கள். எங்கள் முதலாளி ஒரு கை அள்ளிப் பார்ப்பார், ஒரு காயைக் கடிப்பார், முகத்தைச் சுளிப்பார். காய் எவ்வளவு நன்றாக இருந்தாலும் சுளிப்பார், அது வியாபாரம். உள் ஹாலில் பெண்கள் தரையில் உட்கார்ந்து பச்சை, வெளுப்பு, வெடித்தது, பொடி என்று பிரிப்பார்கள். முன்னறையில் கம்ப்யூட்டர் முன்னால் நான். பில் போடுவது, வரி கட்டுவது, லாரிக்காரருக்குப் போன் போட்டு "எங்கண்ணே வந்துட்டு இருக்கீக?" என்று கேட்பது, எல்லாம் என் வேலை.

முதலாளி நல்ல மனிதர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், போகப்போக எனக்கே மறந்துவிடும்.

அவர் கொச்சியில் நடந்த வியாபாரிகள் கூட்டம் ஒன்றுக்குப் போனதில் ஆரம்பித்தது எல்லாம். அங்கே கோட்டுப் போட்ட ஒருவர் மேடையேறி, வேலை பார்க்கிற இடம் வசதியாக இருந்தால் வேலை தானாகப் பெருகும் என்று பேசியிருக்கிறார். முதலாளி திரும்பி வந்து பையைக்கூட இறக்கி வைக்கவில்லை. "இனிமே இது கடை இல்லம்மா, ஆபீஸு. அடுத்து என்ன வாங்கலாம், சொல்லு" என்றார். அன்றிலிருந்து அது அவர் வாயில் ஒட்டிக்கொண்டது. காலையில் விபூதி பூசிக்கொண்டு வந்து உட்கார்ந்ததும், "அடுத்து என்னம்மா வாங்கலாம்?"

முதலில் தண்ணீர் மிஷின் வந்தது. ஒரு குழாயில் சுடுதண்ணீர், ஒரு குழாயில் குளிர்ந்த தண்ணீர். ஹாலில் இருக்கிற அக்கா எழுந்து வந்து அதைச் சுற்றிப் பார்த்தாள். இந்த அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தரம் பிரிக்கிற பெண்களுக்கெல்லாம் அவள்தான் தலைவி. என்னைவிட நாலைந்து வயது மூத்தவள். வாயில் வெற்றிலை இல்லாவிட்டால் அதில் ஏதாவது பேச்சு இருக்கும், பெரும்பாலும் இரண்டும் இருக்கும். தினமும் ஒருமுறையாவது போனை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்து நிற்பாள். "இதுல என்னமோ வந்திருக்கு, என்னன்னு பாரு கணக்கம்மா" என்பாள். திருப்பூரிலிருந்து அவள் மகன் அனுப்பியதாக இருக்கும், இல்லை என்றால் கடன் தருகிறேன் என்று எவனாவது அனுப்பியதாக இருக்கும். நான் வாசித்துச் சொல்வேன். அவள் இருவரையும் சேர்த்துத் திட்டிவிட்டுப் போவாள்.

"சுடுதண்ணிக்கு ஒரு குழாயி, குளுந்த தண்ணிக்கு ஒரு குழாயி" என்றாள் அக்கா. "நமக்கு எந்தக் குழாயி?"

"நமக்குக் கொடந்தான்க்கா" என்றேன்.

"அதான பாத்தேன்" என்று சொல்லிவிட்டு, ஹாலில் இருக்கிற பிளாஸ்டிக் குடத்தில் மொண்டு குடித்துவிட்டு உட்கார்ந்தாள்.

அடுத்து ஏ.சி. வந்தது. ஆடி மாதத்தில் எங்கள் பக்கம் அடிக்கிற காற்றில் மேஜைமேல் ஒரு காகிதம் நிற்காது. முல்லையாற்றுக் கல்லைத் தூக்கி வைத்துத்தான் பில்லைப் பிடித்துவைப்போம். அப்பேர்ப்பட்ட ஊரில் ஜன்னலை எல்லாம் அடைத்து ஏ.சி. மாட்டினார். மாட்டியது வர்றவுகளுக்கு. தோட்டக்காரர் வண்டியை விட்டு இறங்குகிறபோது முதலாளி ஓடிப்போய் அதைப் போடுவார். அறை குளிர்வதற்குள் வந்தவர் பேசி முடித்துக் கிளம்பிவிடுவார். அவர் போனதும் அணைத்துவிடுவார். பிறகு குளிர்ந்தும் குளிராத அந்த அறையில், அடைத்த ஜன்னலுக்குள், ஏலக்காய்த் தூசியை மூக்கில் இழுத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருப்பேன்.

அதன்பிறகு மேஜை மணி. கையால் தட்டினால் டிங் என்று கேட்கும். யாரைக் கூப்பிடுகிறார் என்பது மட்டும் அந்த டிங்கில் தெரியாது. அதனால் மணியைத் தட்டிவிட்டுப் பழையபடி பேர் சொல்லிக் கத்துவார். முன்பு ஒரு வேலையாக இருந்தது, இப்போது இரண்டு வேலையானது. கொச்சிக்காரர் சொன்னது சரிதான், வேலை பெருகத்தான் செய்தது.

இந்தக் கொண்டாட்டத்துக்கு நடுவில்தான் எனக்கு இடுப்பு போனது.

கோம்பையிலிருந்து உத்தமபாளையம் வந்து, அங்கே பஸ் மாறிக் கம்பம் வரவேண்டும். பஸ்ஸில் ஒரு குலுக்கு. வந்து உட்காருகிற இடமோ ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. அதன் பின்னங்கால் ஒன்று அகன்று, முதுகுப் பக்கம் கீறல் விட்டு, சாய்ந்தால் சதையைக் கவ்வும். வருஷக்கணக்காக அதில் ஒரு சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்து உட்கார்ந்து, ஒருநாள் மதியம் சாப்பிட எழுந்தவளால் நிமிர முடியவில்லை. குனிந்த வாக்கிலேயே போய்க் கை கழுவினேன். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஒரு கிழவி தான் எழுந்துகொண்டு என்னை உட்காரச் சொன்னாள் என்றால் என் நிலைமையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தேனியில் எலும்பு டாக்டரிடம் போனேன். படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "முதுகத் தாங்குற மாதிரி நல்ல சேர்ல உக்காருங்க. இல்லைனா இந்த வேலைய விட்டுருங்க. ரெண்டுல ஒண்ணு" என்றார்.

வேலையை விடுவதா? எனக்குத் தெரிந்தது இந்த வேலை ஒன்றுதான். வீட்டில் எல்லோருக்கும் நான் அம்மா, மருமகள், இன்னாருடைய பெண்டாட்டி. அந்தக் கடையில் மட்டும்தான் நான் இல்லாவிட்டால் லாரி கிளம்பாது. அதை ஒரு நாற்காலிக்காக விடுவேனா? மறுநாள் முதலாளி "அடுத்து என்னம்மா வாங்கலாம்?" என்று கேட்ட வாய் மூடுவதற்குள், "சேரு மொதலாளி. எனக்குத்தான். டாக்டரு சொல்லிட்டாரு" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அட, இம்புட்டுத்தானா? இத மொதல்லயே சொல்லப்படாதா?" என்று போனை எடுத்தார். சொன்னேனே, நல்ல மனிதர்.

நாற்காலி பெரிய அட்டைப்பெட்டியில் துண்டு துண்டாக வந்தது. மூட்டை தூக்குகிற அண்ணன் படம் பார்த்துப் பார்த்து மாட்டினார். மாட்டி முடித்த பிறகு ஒரு திருகாணி மிச்சம் இருந்தது. "அது ஸ்பேரு" என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். கறுப்பு வலை முதுகு, இடுப்புக்கென்று தனியாக ஒரு தாங்கல், தலைக்கு ஒரு தாங்கல், கைக்கு இரண்டு, கீழே ஐந்து சக்கரம். நான் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு உட்காரப் போனேன்.

"ஏ, நில்லு நில்லு!" என்று கத்தினாள் அக்கா. "சக்கரம் இருக்குல்ல? சக்கரம் வச்ச வண்டியில பழம் வைக்காம ஏறுவாகளா?"

"இது வண்டியா அக்கா?"

"ஓடுதுல்ல?"

முதலாளிக்கு அது சரியென்று பட்டுவிட்டது. கடையில் லாரி வாங்கினபோது நாலு பழம் வைத்தோம், இதற்கு ஐந்து சக்கரம் என்றால் ஐந்து பழம். சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, ஐந்து சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழத்தை வைத்து அண்ணன் தள்ளினார். வெறும் நாற்காலிக்குக் கனம் ஏது? பழம் நசுங்காமல் உருண்டு ஓடியது. யாராவது உட்கார்ந்தால்தான் நசுங்கும். ஆனால் பழம் நசுங்குவதற்கு முன்னால் யாரும் உட்காரக் கூடாது. எல்லோரும் கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அண்ணன் போய் ஓர் ஏலக்காய் மூட்டையைத் தூக்கிவந்து நாற்காலியில் வைத்தார். ஐந்து பழமும் சட்டென்று நசுங்கின. ஒன்றின் தோல் சக்கரத்துக்குள் போய்ச் சிக்கிக்கொண்டது. அந்தச் சக்கரம் இன்றுவரை சுற்றவில்லை. தள்ளினால் கீச்சென்று இழுபடும்.

ஆக, என் இடுப்புக்காக வாங்கிய நாற்காலியில் முதலில் உட்கார்ந்தது ஒரு மூட்டை.

இரண்டாவதாகவும் நான் உட்காரவில்லை. மூட்டையை இறக்குகிறபோதே வாசலில் ஜீப் சத்தம். மேலேயிருந்து ஒரு தோட்டக்காரர் வந்தார். முதலாளி வாயைத் திறக்கக்கூட இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அவர் மேல் குற்றமில்லை. நானே அந்த நாற்காலியை இழுத்து, முந்தானையால் ஒரு தட்டு தட்டி, "உக்காருங்க சேட்டா" என்றேன்.

என் உடம்பு அப்படி. வீட்டுக்கு ஆள் வந்தால் உட்கார்ந்திருக்கிறவள் மனுஷியில்லை என்று சொல்லிச் சொல்லி வளர்த்தார்கள். வருகிற ஆள் யார், எதற்கு வருகிறார் என்று மூளை யோசிக்கிறதற்குள் கால் எழுந்துவிடும். நான் எழுந்தால் மட்டும் போதாது, இருக்கிறதில் நல்லதை எடுத்து அவர்களுக்குப் போடவேண்டும். முறுக்கு டப்பாவில் உடையாத முறுக்காகப் பார்த்து எடுத்துக் கொடுப்பதில்லையா, அதுதான் இது. தோட்டக்காரருக்கு எழுந்தேன். இன்சூரன்ஸ் பிடிக்க வந்தவருக்கு எழுந்தேன். கரண்டு ரீடிங் எடுக்க வந்தவருக்கு எழுந்தேன். அவர், "நான் மீட்டரத்தானே பாக்கணும், எனக்கெதுக்கும்மா சேரு" என்று திகைத்துப்போனார். ஒருநாள் அட்ரஸ் விசாரிக்க வந்தவரைக்கூட உட்கார வைத்துவிட்டேன். எழுந்து, இழுத்து, தட்டி, நின்று, அவர்கள் போனதும் உட்கார்ந்து, அடுத்த ஆளுக்கு மறுபடி எழுந்து. முன்பு பிளாஸ்டிக் நாற்காலியில் இருந்தபோதாவது அதைக் கொடுக்க வெட்கப்பட்டுப் பாதி எழுந்து பாதியோடு நிறுத்திக்கொள்வேன். இப்போது கொடுப்பதற்கு நல்ல பொருள் இருக்கிறதே!

வந்தவர்களுக்கோ சொர்க்கம். முன்பெல்லாம் அவர்களுக்குப் போடுகிற இன்னொரு பிளாஸ்டிக் நாற்காலி சதையைக் கவ்வுகிற கவ்வில், "சரி, ஏதோ போட்டுக் குடுங்க" என்று சீக்கிரம் விலையை முடித்துவிட்டு எழுந்துவிடுவார்கள். இப்போது சாய்ந்துகொள்கிறார்கள். கையைத் தாங்கலில் வைக்கிறார்கள். கண்ணை மூடுகிறார்கள். போதும் என்பதற்கு மலையாளத்தில் "மதி, மதி" என்று அவர்களே சொல்லி டீயை நிறுத்துகிறவரை டீ போகிறது. அவர்கள் விலையை விட்டு இறங்குவதாக இல்லை. எதற்கு இறங்க வேண்டும், இடுப்புக்குத் தாங்கல் இருக்கிறதே. முதலாளி முகத்தைச் சுளித்துச் சுளித்து வாய் கோணிப்போனதுதான் மிச்சம். ஆனாலும் அவருக்குப் பெருமை. "பாத்தியாம்மா, வர்றவுக எந்திரிக்கவே மாட்டேங்கிறாக!"

ஒருநாள் பண்ணைப்புரத்துக்காரர் ஒருவரும் அவருடைய மச்சானும் ஒரே நேரத்தில் வந்தார்கள். நான் எழுந்து நாற்காலியைத் தள்ளினேன். "மச்சான், நீங்க உக்காருங்க." "அட, நீங்க உக்காருங்க மாமா." "வயசுல பெரியவுக நீங்க." "சம்பந்தத்துல பெரியவுக நீங்க." மரியாதையில் யாரும் தோற்கத் தயாராக இல்லை. இரண்டு பேரும் நின்றுகொண்டே விலை பேசினார்கள். அவர்கள் நிற்கிறார்கள் என்று முதலாளி எழுந்து நின்றார். முதலாளி நிற்கிறார் என்று அண்ணன் மூட்டையை இறக்காமல் தோளில் வைத்தபடி நின்றார். நான் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஏ.சி. காற்றில் நாற்காலி மட்டும் தன்னந்தனியாக, ஒரு பக்கமாகத் திரும்பிக்கொண்டு, வசதியாக இருந்தது.

"சாமி எழுந்தருளியிருக்கு போல" என்றாள் ஹாலிலிருந்து அக்கா. "யாராச்சும் தேங்காய உடைங்க."

மறுபடி தேனிக்குப் போனேன். வலி காலுக்கு இறங்கியிருந்தது.

"சேர் வாங்குனீங்களா?" என்றார் டாக்டர்.

"வாங்கியாச்சு சார்."

"அதுல உக்கார்றீங்களா?"

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். நடந்ததைச் சொன்னேன். "வர்றவங்களுக்கு வேற சேர் போட வேண்டியதுதானே?" என்றார். "நல்ல சேர்ல நம்ம உக்காந்துக்கிட்டு, வந்தவுகள அதுல இதுல உக்காருங்கன்னு எப்படி சார் சொல்றது?" என்றேன். அந்த நேரம் பார்த்து நர்ஸ் உள்ளே வந்தார். நான் எழுந்து நின்றேன்.

"இதுக்கு என்கிட்ட மாத்திரை இல்லம்மா" என்றார் டாக்டர். "இப்படியே போனா அடுத்த மாசம் நீங்களே வேலைக்கு வர முடியாதுன்னு சொல்லிருவீங்க."

பஸ்ஸில் வருகிறபோது அழுகை வந்தது. ஆத்திரமும் வந்தது. எனக்கென்று இந்தக் கடையில் வாங்கிய ஒரே ஒரு பொருள், அதில் ஊரே உட்கார்ந்தாயிற்று, நான் மட்டும் நிம்மதியாக உட்காரவில்லை. இதில் யாரைத் திட்டுவது? என் காலைத்தான் திட்ட வேண்டும். காலைத் திட்டினால் கேட்கிற மாதிரி தெரியவில்லை. யோசித்துக்கொண்டே வந்தவளுக்குச் சின்னமனூர் தாண்டுகிறபோது மூளையில் பளிச்சென்று ஒன்று பட்டது. அந்தப் பழைய பிளாஸ்டிக் நாற்காலியை வருஷக்கணக்காக என்னிடமிருந்து யாரும் வாங்கவில்லையே, ஏன்? அதில் சாக்கு கிடந்தது.

மறுநாள் எல்லோருக்கும் முன்னால் போய், கிடங்கில் இருப்பதிலேயே கேவலமான சாக்காகப் பார்த்து எடுத்தேன். மை அழிந்து, மூலை கிழிந்து, தொட்டால் தூசி கிளம்புகிற சாக்கு. அதை நாற்காலியின் முதுகிலிருந்து உட்காருகிற இடம்வரை இழுத்துப் போர்த்திச் சணலால் கட்டினேன். கைத்தாங்கல் இரண்டிலும் பிளாஸ்திரி சுற்றினேன். தலைத்தாங்கலில் கம்பி நீட்டிக்கொண்டிருந்த ஒரு குடையை மாட்டிவிட்டேன். தள்ளி நின்று பார்த்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து தப்பி ஓடிவந்த நாற்காலி மாதிரி இருந்தது. மனசுக்கு நிறைவாக இருந்தது.

முதலாளி வந்தார். பார்த்தார். "என்னம்மா இது?"

"புதுச் சேரு மொதலாளி. அழுக்காகிறக் கூடாதுல்ல? உறை போட்டிருக்கேன்."

அவர் திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "இந்தப் பொறுப்பு எவளுக்கு வரும்?" என்று அண்ணனைப் பார்த்துச் சொன்னார். அவர் வீட்டுச் சோபாவுக்கு இன்னும் கடையில் போட்டுக் கொடுத்த பிளாஸ்டிக் உறை பிரிக்கப்படவில்லை, அவருடைய டி.வி. ரிமோட் கவருக்குள் கவரில் இருக்கிறது. நல்ல பொருளை மூடி வைக்கிறவரைப் போலப் பண்பட்டவர் அவர் கண்ணுக்கு வேறு யாரும் கிடையாது.

அன்று வந்த தோட்டக்காரருக்கு நான் வழக்கம்போல எழப் போனேன். கால் பாதியில் நின்றுவிட்டது. சாக்கில் உட்காருங்கள் என்று எந்த வாயால் சொல்வது? முதலாளிக்கும் கூச்சம். சட்டென்று பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். வந்தவர் உட்கார்ந்தார், அது கவ்வியது, நெளிந்தார், விலையை முடித்துவிட்டுக் கிளம்பினார். முதலாளி காயைப் பார்த்துச் சிரித்தேவிட்டார்.

அதன்பிறகு வந்த நாட்களை என்னவென்று சொல்ல! காலையில் வந்து சாக்கில் சாய்ந்தால், இடுப்புக்குப் பின்னால் ஒரு கை வைத்துத் தாங்குகிற மாதிரி இருக்கும். பில்லில் பிழை வருவது நின்றது. லாரிக்காரரிடம் எரிந்து விழுவது குறைந்தது. பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கிறபோது நிமிர்ந்து நடந்தேன். வாழ்க்கையில் முதல்முறையாக எனக்காக வாங்கிய ஒரு பொருளை நான் பயன்படுத்துகிறேன் என்று நினைக்க நினைக்க எனக்கே சிரிப்பாகவும் திமிராகவும் இருந்தது.

அப்படி ஒரு பகலில் அக்கா போனை எடுத்துக்கொண்டு வந்தாள். என் மேஜையில் இரண்டு கையையும் ஊன்றி நின்றாள். மகன் அனுப்பியிருந்தான், தீபாவளிக்கு வரமுடியாதாம். வாசித்துச் சொன்னேன். அவள் திட்டவில்லை. இடுப்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்தாள்.

"ஒனக்கு இப்ப வலி சுத்தமா இல்ல, என்ன கணக்கம்மா?"

"இல்லக்கா. சேரு வந்ததும் போச்சு" என்றேன், ஆசையாகச் சாய்ந்துகொண்டு.

"சேரு வந்ததுக்கா போச்சு?" என்று சிரித்தாள். வெற்றிலைப் பல் முழுவதும் தெரிந்தது. "என்னால ஒனக்கு எப்பவும் வலி வந்ததில்லயே. கரண்டுக்காரனுக்கு எந்திரிச்ச, அட்ரஸ் கேட்டு வந்தவனுக்கு எந்திரிச்ச. நான் தெனமும் இங்கன வந்து நிக்கேன். ஒரு நாளு எந்திரிச்சிருக்கியா நீ?"

கிண்டலாகத்தான் சொன்னாள். அவள் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்வாள். சொல்லிவிட்டுப் போனை வாங்கிக்கொண்டு திரும்பினாள்.

எனக்குச் சுரீரென்றது. இந்தப் பாழாய்ப்போன கால், யோசிக்காமல் தானாக எழுகிற கால், நர்ஸுக்கு எழுகிற கால், இத்தனை வருஷத்தில் அக்காவுக்கு ஒருதடவைகூட அசைந்ததில்லை. அவள் வருவதே அதற்குத் தெரியவில்லை. இப்போதும் அது எழவில்லை. நான்தான் அதைப் பிடித்து எழுப்ப வேண்டியிருந்தது.

"அக்கா, உக்காரு."

"ஏ, சும்மா சொன்னேன்டி."

"உக்காருங்கிறேன்ல?"

"எனக்கு என்னாத்துக்கு? வேல கெடக்கு."

"உக்காரப் போறியா, இல்ல தூக்கி வைக்கவா? மூட்டையவே தூக்கி வச்சாச்சு இதுல."

அவள் ஹால் பக்கம் பார்த்தாள், வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு, "சாக்குத்தானே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு உட்கார்ந்தாள். முதலில் விளிம்பில், விழுந்துவிடுவோமோ என்கிற மாதிரி. நான் தோளைப் பிடித்துப் பின்னால் சாய்த்தேன். அந்தத் தாங்கல் அவள் இடுப்பைத் தொட்டது. பேசிக்கொண்டே இருக்கிற வாய் நின்றுபோனது. கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த நேரம்தான் முதலாளி ஒரு தோட்டக்காரரைக் கூட்டிக்கொண்டு உள்ளே வந்தார். அக்கா பதறி எழப்பார்த்தாள். நான் அவள் தோளில் வைத்த கையை எடுக்கவில்லை, அழுத்திப் பிடித்துக்கொண்டேன். முதலாளி நின்றார். நாற்காலியைப் பார்த்தார், அதில் யார் என்று பார்த்தார், என்னைப் பார்த்தார். தோட்டக்காரருக்கு ஒன்றும் தெரியவில்லை. "மதி, இது மதி" என்று பிளாஸ்டிக் நாற்காலியை அவரே இழுத்துப் போட்டுக்கொண்டு காயைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அவர் போனதும் அக்கா மெதுவாக எழுந்தாள். "கெடுத்துட்டியே ஆத்தா" என்றாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை. "இனிமே அங்கன தரையில எப்படி உக்கார்றது?"

ஹாலுக்குப் போய்த் தூணைப் பிடித்து, ஒரு காலை மடக்கி, இன்னொரு காலை நீட்டி, முறத்தை மடியில் இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். அவள் உட்காருவதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். உட்காருவதற்கு அவளுக்கு அவ்வளவு நேரம் ஆகும் என்பது அன்றுதான் தெரிந்தது.

"என்னம்மா, அவ போய் அதுல..." என்று ஆரம்பித்தார் முதலாளி.

"சாக்குத்தானே மொதலாளி" என்றேன்.

மறுநாளிலிருந்து மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நாற்காலியை ஹாலுக்குத் தள்ளிவிடுகிறேன். எலுமிச்சைத் தோல் சிக்கிய சக்கரம் கீச்சென்று கத்திக்கொண்டு போகும். அக்கா முதலில், பிறகு மற்றவர்கள், முறத்தோடு மாறி மாறி உட்காருவார்கள். அந்த நேரத்தில் நான் நாற்காலி வந்த அட்டைப்பெட்டியை மேஜைமேல் வைத்து, அதன்மேல் கம்ப்யூட்டரை வைத்து, நின்றுகொண்டு பில் போடுகிறேன். கொஞ்ச நேரம் நின்று வேலை பார்ப்பதும் இடுப்புக்கு நல்லது என்று டாக்டர் சொல்லியிருந்தார். இதைப் பார்த்த முதலாளி துள்ளிவிட்டார். "அட! நின்னுக்கிட்டே வேல! இதத்தானம்மா கொச்சியில அந்தக் கோட்டுக்காரரு சொன்னாரு!" நாற்காலி எங்கே போனது என்று அவர் கேட்கவில்லை. அழுக்குச் சேரை ஒருவழியாக வெளியே தள்ளிவிட்டேன் என்று அவருக்கு நிம்மதி.

சந்தோஷத்தில் வழக்கமானதைக் கேட்டார். "அடுத்து என்னம்மா வாங்கலாம்?"

"அதே மாதிரி இன்னொரு சேரு மொதலாளி."

"யாருக்கு?"

நான் ஹாலைப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால் வராது. "வர்றவுகளுக்கு" என்றேன்.

அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! அந்த இடத்திலேயே போனை எடுத்து ஆர்டர் போட்டுவிட்டார்.

பெட்டி வந்து சேர இன்னும் நாளாகும். ஆனால் ஹாலில் அக்கா கோணி ஊசியும் சணலுமாக உட்கார்ந்து உறை தைக்க ஆரம்பித்துவிட்டாள். கிடங்கிலேயே கேவலமான சாக்கை அவளே தேடி எடுத்திருக்கிறாள். நேற்று அதைத் தூக்கிக் காட்டி, "இம்புட்டு போதுமா கணக்கம்மா, இல்ல இன்னும் கிழிசல் வேணுமா?" என்று கேட்டாள்.

"இன்னும் ரெண்டு கிழிசல் போடுக்கா" என்றேன்.